புள்ளியக்கா

சாக்கடை பொங்கினால் தெருவில் எல்லோரும் மூக்கைப் பொத்துவார்கள். புள்ளியக்கா போனை எடுப்பாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டிடுக்கில் குண்டூசி. தையல் மிஷினிலிருந்து காலை எடுக்காமலே நகராட்சி வரைபடத்தில் தன் தெருவின்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவாள்.

“சேர்ந்து நகரம் கட்டுவோம்” என்று நகராட்சி அந்தச் செயலியைக் கொடுத்த நாள்முதல் இது அவளுக்குக் கைப்பழக்கம். எரியாத தெருவிளக்கு, உடைந்த சாக்கடை மூடி, எதிர்வீட்டுச் சுவர் விரிசல், எதுவும் தப்பாது. ஒரே விரிசலுக்கு மூன்று கோணத்தில் மூன்று புள்ளி. சோம்பி நின்றவர்களின் போனைப் பிடுங்கிச் சொல்லிக்கொடுத்தாள். “அழுத புள்ளைக்குத்தான் பால். அழுங்களேன்!”

சென்ற மாத நகராட்சிக் கூட்டத்துக்குத் தெருவிலிருந்து அவள் மட்டும் போனாள். சுவரில் விரிந்த வரைபடத்தில் அவள் தெரு அம்மை கண்ட முகம்போல் இருந்தது. மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கும் பின்தெருவோ பளிச்சென்று இருந்தது. அங்கே யாரும் புள்ளி வைத்ததில்லை. கணினி முன் இருந்த பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இன்னும் நாலஞ்சு சிவப்பு விழுந்தா, குடியிருக்க லாயக்கில்லாத தெருன்னு கம்ப்யூட்டரே முடிவு பண்ணிடும்க்கா. அப்புறம் இடிப்புப் பட்டியல்தான்.”

“அழிச்சுடும்மா. நான் வெச்சதுதானே?”

“வைக்கத்தான் முடியும். ரிப்பேர் பண்ணாத்தான் போகும்.”

“எப்பப் பண்ணுவீங்க?”

அந்தப் பெண் திரையில் அடுத்த தெருவைத் திறந்தாள்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள்.

“பால் கேட்டே. தொட்டிலையே தூக்கிட்டுப் போகப் போறாங்க,” என்று சிரித்தவர், சிரிப்பு பாதியில் நிற்க, எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

தெருவில் சொல்ல நாக்கு எழவில்லை. பாதிப் புள்ளி அவளுடையது. மீதி அவள் கற்றுக்கொடுத்தது. யாராவது போனைக் கையில் எடுத்தாலே தையல் கோணலாக ஓடும். ஊர் எழுமுன் தெருவைப் பெருக்கினாள். விரிசலுக்குத் தானே சிமென்ட் பூசினாள். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, “சும்மா உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்குது,” என்றாள்.

நேற்று சாக்கடை மறுபடி பொங்கியது. தோள்வரை கையை விட்டு அவள் அடைப்பை இழுத்துக்கொண்டிருந்தபோது, வேன் ஓட்டும் பக்கத்து வீட்டு அண்ணன் வந்து நின்றார்.

“என்னம்மா, புள்ளி வைக்கிற கை சேத்துல கிடக்கு? நீ இரு, நானே ஒண்ணு வெச்சுடறேன். நீ சொல்லிக்கொடுத்ததுதானே!”

படமெடுக்கப் போனை நீட்டினார். புள்ளியக்கா சேறு சொட்டும் கையால் அதை அப்படியே பொத்திக்கொண்டாள்.