இரண்டாம் முறை தட்டிய கதவு

ஞாயிறு காலை பழைய மாணவி செல்வி தொலைபேசியில் அழைத்தாள். "சார், சகுந்தலா மேடம் போய்ட்டாங்க. கிட்வாய் நகர் வீட்லதான் வெச்சிருக்கு. ஜல்தி வாங்க, பழைய பேட்ச் பூரா வந்துக்கிட்டிருக்கு." நான் போனபோது எங்கள் பயிற்சி மையத்தின் பாதி வரலாறு வாசலில் செருப்புகளாகக் கிடந்தது.

தாய் சேய் நலப் பணிக்கு வரும் பெண்களுக்குச் சகுந்தலா பயிற்சி அளித்தார். அங்கேயே நான் புள்ளிவிவரம் நடத்தினேன். என் வகுப்பில் மாணவிகள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அவர் வகுப்பில் அதற்கு வசதியில்லை. பாதி வகுப்பு, தலைநகருக்குப் பிழைக்க வந்த தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்பின் சந்துகளில் நடந்தது.

அவருடைய பரீட்சையும் அங்கேதான். பிள்ளை பெற்ற ஒரு தாயின் வீட்டுக்கு மாணவி இரண்டு முறை போக வேண்டும். "முதல் தடவை யார் போனாலும் திறப்பாங்க, வேடிக்கை பார்க்க. ரெண்டாவது தடவையும் திறந்தா பாஸ்" என்பார். தமிழே தெரியாத ஹரியானாப் பெண்களையும் அனுப்பினார். கேட்டால், "நல்லதாப் போச்சு. அட்வைஸ் பண்ண முடியாது, கவனிக்கத்தானே முடியும்" என்றார்.

எழுபதுகளின் கடைசியில் புதிய இயக்குநர் வந்தார். நம் தமிழர்தான். "கேம்ப் பொம்பளைங்க மார்க் போடறதுக்குப் பேரு பரீட்சையா மேடம்? முதல்ல நீங்க பாஸ் பண்ணிக் காட்டுங்க. இல்லேன்னா இந்த வருஷத்தோட நிறுத்திடலாம்" என்றார். சகுந்தலா ஒப்புக்கொண்டார்.

முதல் முறை போனபோது, அஞ்சலை என்ற மாமியார் பிறந்த பேரனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். சகுந்தலா கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அக்கம்பக்கத்தார் முன்னிலையில் தாய்ப்பாலைப் பற்றி ஓர் அருமையான சொற்பொழிவு ஆற்றினார். அதில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த வாரம் இயக்குநரும் நானும் பின்னால் நிற்க, கதவைத் தட்டினார். திறக்கவில்லை. உள்ளேயிருந்து அஞ்சலையின் குரல் மட்டும் வந்தது: "மருமவ தூங்குது. அந்தம்மா வாசல்லயே நின்னு பேசிட்டுப் போவட்டும். நல்லாத்தான் பேசுறாங்க."

இயக்குநர் முகத்தில் பதவி உயர்வு கிடைத்த களை. "என்ன மேடம்?"

"ஃபெயில் சார். பரீட்சை ஒழுங்கா வேலை செய்யுது, பாத்தீங்களா?"

மறுநாள் அறிவிப்புப் பலகையில், தேறாதவர்கள் வரிசையில் தம் பெயரைத் தாமே எழுதி ஒட்டினார். நடத்தியவரையே தோற்கடித்த பரீட்சையைத் தரமற்றது என்று சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை. பரீட்சை பிழைத்தது, சகுந்தலா ஓய்வு பெறும்வரை நடந்தது.

தேறாதவர் மறுபடி எழுத வேண்டுமே. அந்த வாரமே போய் அஞ்சலையின் வாசற்படியில் உட்கார்ந்தார். "உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். அஞ்சலை பெற்றதையும் பறிகொடுத்ததையும் சொல்லி முடித்து, கதவை அகலத் திறந்து, தாமாகவே கேட்டார்: "வெறும் தாய்ப்பாலே போதும்ங்கறியா?"

ஞாயிறன்று சகுந்தலாவின் தலைமாட்டில் அஞ்சலைதான் உட்கார்ந்திருந்தார். வந்தவர்களிடமெல்லாம், "இவங்களை ஃபெயிலாக்குனது நான்தான்" என்றார்.

செல்விக்குப் பொறுக்கவில்லை. "ஆயா, இதுல பெருமை வேறயா?"

"பின்ன? எத்தினியோ டாக்டரம்மாங்க வந்தாங்க, பேசினாங்க, போயிட்டாங்க. கதவைச் சாத்தினப்புறமும் திரும்பி வந்தது இது ஒண்ணுதான்."

சகுந்தலாவிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு பழக்கம். எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும், இந்தக் கதவு நமக்கு இன்னொரு முறை திறக்குமா என்று திரும்பிப் பார்ப்பேன். அன்று கிட்வாய் நகரிலும் பார்த்தேன். அவர் பயிற்றுவித்த பெண்கள் வந்துகொண்டே இருந்ததால், கதவைச் சாத்த வழியில்லாமல் இருந்தது.