உத்தரவு வராத வாரம்

பக்கிரிசாமி சார்ஜன்ட் சட்டைக்கு இஸ்திரி போட்டால், அந்த மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம். ஜார்ஜ்டவுனில் அப்படி நறுக்கிச் சாம்பார் வைத்தவர்களே இருக்கிறார்கள். நம்பாதவர்களுக்குச் சாம்பார் கிடையாது.

ராணுவத்தில் சார்ஜன்டாக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வீட்டுக்கு வந்ததும் மனைவி சந்திரிகா தளபதியாகிவிட்டாள். "இன்னிக்கு மீன் வாங்கணும், நாளைக்கு முடி வெட்டணும்" என்று விடியும்போதே உத்தரவு வந்துவிடும். போன வருஷம் அவள் மாரடைப்பில் போனபோது அவர் அழவில்லை. தூக்கச் சொன்னார்கள், தூக்கினார். குளிக்கச் சொன்னார்கள், குளித்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சுவரிலிருந்த பல்லி முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, பேத்தியையும் பார்த்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

அவரை எழுப்பியது ஒரு சேனை. ஏழை எளியவர்களுக்காகக் கிறிஸ்தவர்கள் நடத்துகிற சேனை அது. துப்பாக்கிதான் இல்லையே தவிர கொடி, மேளம், தோள்பட்டைச் சின்னம், கேப்டன், போர்ச்சேவகர் எல்லாம் உண்டு. பழைய துணி வாங்க லாரியில் வந்த கேப்டன் ஜோவானுக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். சந்திரிகாவின் சேலைகளை ஏற்றிக்கொண்டு, "நாளைக்கு நீங்களும் வாங்களேன், அங்கிள்" என்றாள். அவள் மரியாதைக்குச் சொன்னாள். அவர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். லாரி ஓட்டினார், கொடியின் கீழ் நின்று உறுதிமொழி எடுத்துப் போர்ச்சேவகரானார், நாளடைவில் அந்தக் கொடியைச் சுமப்பவரும் ஆனார். உள்ளே ஏதாவது அசைந்ததா என்று கேட்டால், லாரி எஞ்சின் அசைந்தது என்பார்.

சேனை நடத்திய இல்லத்தில் பிச்சைமுத்து என்றொருவர் படுத்திருந்தார். பாகான் டாலாம்காரர். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தைக் குடித்துக் குடித்து ஈரலைக் கரைத்தவர்; பெண்டாட்டி பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தச் சேனையில் யாரும் 'செத்துப்போவது' கிடையாது. மேலே பதவி உயர்வு பெற்றுப் போகிறார்கள். பெட்டியின் மேல் கொடி விரித்து, மேளத்தோடு வழியனுப்புவார்கள். அதை ஜன்னல் வழியாக ஒருமுறை பார்த்ததிலிருந்து பிச்சைமுத்துவுக்கு ஒரே ஆசைதான்.

"பதவி உயர்வு வேணும்னா மொதல்ல ஒரு பதவி வேணும்ல, சார்ஜன்ட்? என்னையும் சேத்துக்கச் சொல்லுங்க. இல்லாட்டி அனாதைப் பொணம்னு வேன்ல தூக்கிப் போட்டுட்டுப் போயிருவானுங்க லா."

கேப்டன் ஜோவானும் சரியென்று சொல்லியிருந்தாள். அதற்குள் அவளுக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்தச் சேனையிலும் மாற்றல் என்றால் மாற்றல்தான்; பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். புதிய கேப்டன் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். புதன்கிழமை பிச்சைமுத்துவின் வயிறு பானையாக வீங்கியது. பார்த்த டாக்டர் ரூபினியைத் தனியாக அழைத்து, ஞாயிறு வரை தாங்காது என்றார். ரூபினி இல்லத்தின் சமையல்காரி. டாக்டரையே சாப்பிடாமல் போக விடாதவள். அன்று அவருக்குத் தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

பக்கிரிசாமி வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். கேப்டன் போனதிலிருந்து லாரியும் நகரவில்லை, அவரும் நகரவில்லை.

"என்னண்ணே, கொடிக்கம்பத்துக்குத் துணையா?" என்றாள் ரூபினி. "உள்ள மனுசன் போயிட்டிருக்கான். சேத்துவிடுங்க அவனை!"

"கேப்டன்தான் சேக்கணும், ரூபினி."

"உத்தரவு இல்லாட்டி மூச்சுகூட விட மாட்டீங்களோ?"

அவர் போனை எடுத்து சபாவுக்கு அழைத்தார். ஜோவான் முழுவதையும் கேட்டாள்.

"அங்கிள், நான் பொறுப்பை ஒப்படைச்சுட்டேன். அங்க நான் இப்ப கேப்டன் இல்ல."

"அப்ப நான் செய்யவா? உத்தரவு கொடுங்க."

"கொடுக்க முடியாது, அங்கிள். செய்யுங்கன்னும் சொல்ல முடியாது, செய்யாதீங்கன்னும் சொல்ல முடியாது."

போனை வைத்துவிட்டார். எவ்வளவு நேரம் நின்றார் என்று கேட்காதீர்கள்; தலைமேல் புறா கூடு கட்டவில்லை, அவ்வளவுதான். பிறகு மண்டபத்துக்குப் போய்க் கொடியை எடுத்தார்.

கம்பம் பிச்சைமுத்துவின் அறைக்குள் நிமிர்ந்து நிற்கவில்லை. கூரையில் சுழன்ற காற்றாடியில் மாட்டிக்கொண்டு கொடி ஒரு சுற்று சுற்றியது. ரூபினி ஓடிப்போய்ச் சுவிட்சை அணைத்தாள். பக்கிரிசாமி தன் சீருடைச் சட்டையைக் கழற்றிப் பிச்சைமுத்துவுக்கு மாட்டினார். அதற்குள் இன்னொருவர் வாடகைக்கு இருக்கலாம் போலத் தொளதொளத்தது.

"சொல்லுங்க. குடிக்க மாட்டேன்."

"குடிக்க மாட்டேன். தண்ணியே எறங்க மாட்டேங்குது லா."

"ஏழையைக் கைவிட மாட்டேன்."

பிச்சைமுத்து கண்ணைத் திறந்தார். "இங்க என்னைவிட ஏழை எவன் இருக்கான்?"

பக்கிரிசாமி பனியனோடு, கம்பத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் இருக்கேன். சொல்லுய்யா."

பிச்சைமுத்து அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த உறுதிமொழியைக் கேலி இல்லாமல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் போனார். ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கிய புதிய கேப்டன் தயாளனுக்கு முதல் வேலையே அடக்கம்தான். பெட்டிக்குள் சீருடையைப் பார்த்ததும் புருவம் ஏறியது.

"போர்ச்சேவகர் பதிவுல இவர் பேர் இல்லையே. யார் உத்தரவு?"

"யாரும் கொடுக்கல, சார். நானே சேத்தேன்."

"உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லைன்னு தெரியுமா?"

"தெரியும், சார்."

"இவருக்குக் கொடி போட்டா, மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்."

"சொல்லுங்க, சார்."

கேப்டன் யோசிக்கத் தொடங்கினார். பக்கிரிசாமி காத்திருக்கவில்லை. கம்பத்திலிருந்து கொடியை அவிழ்த்துப் பெட்டியின் மேல் விரித்தார். நெஞ்சுக்குள் இப்போதும் ஒன்றும் இல்லை. சந்திரிகாவைத் தூக்கிய அன்றிருந்த அதே மரத்த கைகள்தாம் வேலை செய்தன. அவர் பக்கம் துணி அதிகமாகத் தொங்கியது.  கேப்டன் தயாளன் எதிர்ப்பக்கம் போய், ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார்.