நாலாவது மாடியில் அக்கா

ஆஸ்பத்திரியில் முப்பத்து நான்கு வருடம் எக்ஸ்ரே எடுத்தவர் அவர். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பாரோ. ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எக்ஸ்ரே அம்மா என்றுதான் பெயர். தன் முழங்கால் படத்தைத் தானே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, டாக்டர் வாய் திறப்பதற்குள் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்.

முழங்கால் வலியைவிட அவரை வாட்டியது அக்காவின் நினைப்பு. ஒரே ஊர்தான், பஸ்ஸில் பதினோரு நிறுத்தம். ஆனால் அக்கா மகளோடு இருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். இடுப்பு முறிந்ததிலிருந்து அக்காவால் இறங்க முடியாது. தங்கையால் ஏற முடியாது. மூன்று வருடமாக நேரில் பார்க்கவில்லை. நாற்காலியோடு தூக்கி வருகிறேன் என்று மருமகன் சொன்னபோது, நாலு பேர் தூக்குகிற நாள் தானாக வரும், அதற்கு ஒத்திகை வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டார். போனில் முகம் பார்க்கலாமென்றால், அக்கா போனைப் பிடிக்கிற பிடியில் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரியும். பேச்சும் மாத்திரை, தூக்கம், வயிறு என்று சுருங்கிப்போயிருந்தது.

எப்படியாவது அந்தப் படிகளை ஏறிவிட வேண்டும் என்றுதான் அவர் நூலகத்தின் பின்கூடத்தில் நடந்த முதியோர் உடற்பயிற்சி வகுப்பில் சேர்ந்தார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, குதிகாலை உயர்த்துவது, ஒரு பலகைமேல் ஏறி இறங்குவது. இடையிடையே எல்லோரும் கைதட்டி வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். வராவிட்டால் சும்மா 'ஹா ஹா' என்றாலும் போதும், மூச்சு நன்றாக இறங்கும் என்றார் வகுப்பு நடத்திய பெண்.

"எனக்குக் காலுதாம்மா கோளாறு. வாய் நல்லாத்தான் இருக்கு" என்று எக்ஸ்ரே அம்மா இறுக்கமாக உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது வாரம், பக்கத்திலிருந்த பழைய நீதிமன்றக் குமாஸ்தா தன் 'ஹா ஹா'வைத் தீர்ப்பு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. எக்ஸ்ரே அம்மாவின் தோள் குலுங்கியது, ஒரு விக்கல் வந்தது, பிறகு சிரிப்பு பீறிட்டது. அதைக் கேட்டு அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அச்சு அசல் அக்காவின் சிரிப்பு. ஒரே பாயில் படுத்து, அப்பா அதட்ட அதட்டத் தலையணையைக் கடித்துக்கொண்டு இருவரும் சிரித்த சிரிப்பு. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது, சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அதன்பின் வகுப்புக்கு ஒரு நாளும் மட்டம் போடவில்லை. ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினார்.

கைப்பிடியைப் பிடித்து, வலியில்லாத காலை முதலில் வைத்து, ஒவ்வொரு படியாக ஏறினார். மூன்றாவது மாடிக்கு வந்ததும் முழங்கால் மறுத்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்து அக்கா மகளுக்குப் போன் செய்தார். மேலே கதவு திறந்தது. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"யாருடி அது, கீழ மூச்சு வாங்குறது?"

"நான்தான்க்கா. இன்னும் பதினாறு படி இருக்கு. முடியல."

"அங்கேயே உக்காரு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

சொன்ன பிறகுதான் அது அக்காவுக்கே உறைத்தது. மேலே அவர் சிரிக்க, கீழே தங்கை சிரிக்க, என்னவோ ஏதோவென்று இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். அக்காவின் முகம் தெரியவில்லை. கம்பி இடுக்கில் ஒரு கை மட்டும் தெரிந்தது, முன்னைவிட மெலிந்து.

ஒரு மணி நேரம் அப்படியே பேசினார்கள். அக்கா மகள் இறங்கி வந்து கைத்தாங்கலாக ஏற்றப் பார்த்தார். நாலு படிக்குமேல் நடக்கவில்லை.

"உன்னை ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்டி" என்றார் அக்கா.

"அடுத்த மாசம் வரேன்க்கா."

மகளின் தோளைப் பிடித்து, மாடிக்கு மாடி நின்று இறங்கினார். வாசல் இரும்புக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகும், தான் மேலே ஏறி வரும்வரை, அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை என்று மகள் பிறகு போனில் சொன்னார்.