மெர்வ் ஓட்டாத சிவப்பு டர்போ

வையாலா இரும்பாலையில் என்னோடு வேலை பார்த்த மெர்வ் டிரெகென்சா, ஒரு பழைய ஜப்பான் டர்போ காரை ஒன்பது வருஷம் பிரித்துப் பிரித்துக் கோர்த்தான். துருப்பிடித்த தகடுகளை வெட்டியெடுத்துப் புதுசு வைத்துப் பற்றவைத்தான். பிஸ்டன்களை மாற்றினான். எஞ்சினுக்குள் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போவை, முன்னைவிடப் பெரியதாக மாட்டினான். பதிவுச் சோதனையில் கார் தேறிய மறுவாரம், ஆலையில் வலிப்பு வந்து விழுந்தான். அந்த மாதமே இன்னும் இரண்டு முறை வந்தது. இனி வண்டி ஓட்டவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவன் மனைவி கொலீன் அதுவரை கியர் மாற்றும் காரைத் தொட்டதில்லை. அவனுக்காகப் பழகிக்கொண்டாள்.

"கிளட்ச்சை மெதுவா விடு, கண்ணு. இது கங்காரு இல்ல, இப்படிக் குதிக்க."

"ஒம்பது வருஷமா என்னைவிட இதைத்தானே கொஞ்சுன? இப்ப வாயை மூடிக்கிட்டு உக்காரு."

ஒரு ஞாயிறு காலை, கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையில், மூன்றாவது கியரில் நன்றாக அழுத்தி மிதித்தாளாம். டர்போ சீறிக்கொண்டு இருவரையும் இருக்கையோடு அழுத்தியது. கொலீன் சந்தோஷத்தில் கத்திவிட்டாள். திரும்பிப் பார்த்தால், மெர்வ் வலது காலால், ஆக்சிலரேட்டரை மிதிப்பதுபோல், வெறும் தரையை மிதித்தபடி அழுதுகொண்டிருந்தான். அவள் காரை ஓரங்கட்டினாள்.

"வித்துடலாம், கொலீன். ஓட்டத்தான் இதைக் கோத்தேன். பக்கத்துல உக்கார இல்ல."

அடிலெய்டிலிருந்து வந்த ஒரு நர்ஸ் அதை வாங்கினாள். "எஞ்சின் சூடாகிற வரைக்கும் அழுத்தாதீங்க" என்று அவளிடம் மூன்று முறை சொன்னான். கார் தெருமுனையில் திரும்பியதும் கொலீன் அவன் கையைப் பிடித்தாள். அவன் விலக்கவில்லை. ஆனால் வலது காலால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டே நின்றான்.