குட்டை விளிம்புத் தொப்பி

கடைப் பெண்ணுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எதிரே நின்ற பெரியவர் இரண்டே இரண்டு தொப்பிகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தலையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டும் கறுப்பு, ஒரே துணி. ஒன்றின் முன்விளிம்பு நெற்றியைத் தாண்டி நன்றாக நீண்டிருந்தது. இன்னொன்றில் விளிம்பு என்று பேருக்கு ஏதோ இருந்தது.

"சார், வெயில்ல நிக்கப் போறீங்களா, நிழல்லயா?"

"வெயில்லதாம்மா."

"அப்புறம் என்ன சார் யோசனை? நீளமானதை எடுங்க."

யோசனை இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சாஃப்ட்பால் அம்பயர். அந்த ஆட்டத்தில், மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிக்கிற கேட்சருக்கும் பின்னால் நிற்கிற அம்பயர் முகத்தில் கம்பி மாஸ்க் மாட்டியிருப்பார். பந்து அடிபட்டதும் அதைச் சட்டென்று உருவியாக வேண்டும். தொப்பி விளிம்பு நீளமாக இருந்தால் மாஸ்க்கில் சிக்கிக் கண்ணை மறைத்துவிடும். ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, அம்பயர் இன்னொரு பக்கம் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருப்பார். அதனால் அவருக்குக் குட்டை விளிம்பு. தள்ளி, அடித்தவர் ஓடிவந்து காலால் தொட வேண்டிய முதல் பேஸ் பக்கம் வெட்டவெளியில் நிற்கிறவருக்கு மாஸ்க் கிடையாது, வெயில் உண்டு. அவருக்கு நீள விளிம்பு. இதில் குழம்ப ஒன்றுமே இல்லை.

போன வாரம் லீக் செயலாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "முட்டி மடங்க மாட்டேங்குது சார் உங்களுக்கு. தாழ்வா வர்ற பந்தெல்லாம் கோட்டை விடுறீங்க. இனிமே பேஸ் பக்கம் நில்லுங்க, பி.டி. டீச்சர் பின்னால நிக்கட்டும். பெரிய விளிம்பா ஒரு தொப்பி வாங்கிக்குங்க." சொன்னதில் தப்பே இல்லை. உட்கார்ந்து எழுந்தால் முட்டி போடுகிற சத்தம் அவருக்கே கேட்கிறது.

ஆனால் கேட்சருக்குப் பின்னால் நிற்பதில் ஒரு விஷயம் இருந்தது, அதைச் செயலாளரிடம் சொல்ல முடியாது. அங்கே நின்றால் பேச்சுத் துணை கிடைக்கும்.

மற்ற நாட்களில் அவர் ஒரு கிடங்கு வாசலில் எடைமேடை பார்க்கிறார். லாரி ஏறும், எண் விழும், கண்ணாடி ஓட்டை வழியாகச் சீட்டை நீட்டுவார். டிரைவர்கள் சீட்டைப் பார்ப்பார்களே தவிர அவரைப் பார்க்க மாட்டார்கள். வீட்டிலும் ஆள் இல்லை. மனைவி, மகன் வீட்டுக்குப் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனாள். பேரன் நடக்கட்டும், வந்துவிடுகிறேன் என்றாள். பேரன் நடந்து, ஓடி, இப்போது அவனுக்குத் தங்கையும் பிறந்தாயிற்று. போனில் "சாப்டீங்களா?" என்று கேட்பாள். இவர் பதில் சொல்வதற்குள் அங்கே குழந்தை வீறிடும். அவள்மேல் கோபம் வந்ததில்லை. என்ன, கொஞ்ச நாளாக எடைமேடை எண்களை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தார், சும்மா ஒரு குரல் கேட்கட்டுமே என்று.

பஸ் டிப்போ டீமின் கேட்சரை எல்லோரும் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். குந்தி உட்காருவதில் கெட்டிக்காரன், வாயும் ஓயாது. பந்துக்கும் பந்துக்கும் நடுவில் முதுகைக் காட்டியபடியே பின்னால் நிற்கும் அம்பயரிடம் பேசுவான். "அண்ணே, என் மாமியார் வந்து எட்டு நாள் ஆச்சு, பெட்டியைத் திறந்து துணியெல்லாம் அலமாரியில அடுக்கிட்டாங்கண்ணே. இது எங்க போயி முடியும்?" அம்பயர் நடுவில் பேசக்கூடாது, அதனால் இவர் "ம்" கொட்டுவதோடு சரி. அந்த "ம்" போதும் அவனுக்கு. டிப்போ ஆடுகிற நாளென்றால் இவர் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவார்.

"என்ன சார், முடிவு பண்ணீங்களா?" என்றாள் கடைப் பெண்.

குட்டை விளிம்பையே எடுத்தார். டீச்சருக்கு ஒருநாள் காய்ச்சல் வராமலா போகும் என்று ஒரு நப்பாசை. அதைவிட, நீளத் தொப்பியைத் தலையில் வைத்தால் தவளைக்கும் தனக்கும் இருந்தது முடிந்துபோனது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

ஞாயிறு மாலை டிப்போவுக்கும் மில் டீமுக்கும் ஆட்டம். தவளை வழக்கம்போலக் கடைசி நிமிஷத்தில் பஸ்ஸிலிருந்து குதித்து நேரே வந்து குந்தினான். இவர் முதல் பேஸ் அருகே நின்றார். பக்கத்தில் நின்ற ஆட்டக்காரன் சூயிங்கம் மென்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. தூரத்தில் தவளை ஏதோ சொல்ல, டீச்சர் தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது. இவருக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில் இது என்ன பொறாமை என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் எரிந்தது.

கடைசி இன்னிங்ஸ். டிப்போ ஒரு ரன் பின்தங்கியிருந்தது, இன்னும் ஒரே ஒரு அவுட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தவளை பந்தைத் தரையோடு உருட்டி அடித்துவிட்டு முதல் பேஸை நோக்கி உயிரைக் கொடுத்து ஓடிவந்தான். வெயில் சாய்ந்து நேராக இவர் முகத்தில் இறங்கியது. கையகல விளிம்பு இருந்திருந்தால் மறைத்திருக்கும். கண் கூசி இமை தானாக மூடிக்கொண்டது. பேஸில் நின்றவனின் கிளவுஸில் பந்து விழுந்த சத்தம் கேட்டது. அதற்கு முன்பே தவளையின் கால் பேஸில் பட்டிருந்தால் சேஃப், இல்லையென்றால் அவுட்; எது முந்தியது என்று இவர் பார்க்கவில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் கை உயர்ந்துவிட்டது.

"அவுட்!"

தவளை திரும்பி வந்து முகத்துக்கு நேரே நின்றான். "யோவ், கண்ணு தெரியுதா உனக்கு? என் கால் எப்பவோ பட்டுடுச்சுய்யா!" அவன் பார்வையில் அறிமுகமே இல்லை. "பின்னால ஒரு அண்ணன் நிப்பாரு. அவரு இருந்திருந்தா இப்படி நடக்குமா? அவரு கண்ணு தப்பாதுய்யா!"

இவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் பேசியதெல்லாம் முதுகைக் காட்டித்தான். இவர் மாஸ்க்கை உருவுகிற நேரமெல்லாம் பந்து பறக்கிற நேரம், அப்போது அம்பயர் மூஞ்சியை யார் பார்ப்பார்கள்? "ம்" என்ற சத்தத்தைத் தவிர அவனுக்கு இவரைத் தெரியாது.

சொன்னது சொன்னதுதான் என்று அம்பயர் நின்றுவிடலாம், கேள்வி கிடையாது. இவர் டீச்சரிடம் நடந்தார். "வெயில் கண்ணுல அடிச்சுது, டீச்சர். நான் பாக்கல. தொப்பி சரியில்ல, என் தப்புதான். நீங்க பாத்தீங்களா?"

"கால்தான் சார் முதல்ல," என்றாள் தவளைக்குப் பின்னாலேயே ஓடிவந்திருந்த டீச்சர்.

இவர் இரண்டு கைகளையும் விரித்து "சேஃப்" என்றார். மில் டீம் கத்திய கத்தலில் செயலாளர் எழுந்து வந்து, தொப்பியின் குட்டை விளிம்பைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப்போனார். அவ்வளவு அமர்க்களத்துக்கும் பலன் இல்லை, அடுத்து வந்தவன் மூன்று பந்துக்கும் மட்டையை வீணாக வீசி அவுட்டாக, டிப்போ தோற்றது.

மைதானம் காலியாகும்போது தவளை பையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"தப்பா பேசிட்டேன் சார், மனசுல வெச்சுக்காதீங்க. எத்தனை பேரு ஒத்துக்குவான்? அது சரி, அந்த அண்ணன் இன்னிக்கு வரலியே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

நான்தானப்பா அது என்று தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் அவரு கண்ணு தப்பாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னவனிடமிருந்து அந்த அண்ணனைப் பிடுங்க மனம் வரவில்லை.

"நல்லா இருக்காரு," என்றார்.

"அப்பாடா! பாத்தீங்கன்னா சொல்லுங்க சார், என் பொண்ணுக்கு நர்சிங் காலேஜ்ல எடம் கெடச்சிருச்சு. முதல்ல அவருகிட்டதான் சொல்லணும்னு ஓடி வந்தேன்."

தனக்கு வந்த செய்தியை வேறு யாருக்கோ வந்தது போலக் கேட்டுக்கொண்டு அவர், "கட்டாயம் சொல்றேன்" என்றார்.