பாடு தவறிய அண்ணனும் அமெரிக்கக் கப்பலும்

போன வாரம் ஆரணி சந்தையில் இறால் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரப் பெண்ணின் போனில் எங்கோ குண்டு விழுகிற செய்தி. "இன்னாக்கா, இது உலக சண்டையா ஆயிடுமா?" என்றாள். யாரும் தடுக்காவிட்டால் ஆகும். எனக்கு இதில் அனுபவம் உண்டு, சிரிக்காதீர்கள்.

இறால் வாடை மூக்கில் ஏறினால் எனக்குப் பழவேற்காடு ஏரிதான். எங்கள் குப்பத்தில் வலை போடும் இடத்துக்கு முறை உண்டு. அதைப் பாடு என்போம். இன்றைக்கு உன் பாடு, நாளைக்கு இன்னொருவர் பாடு. தவறவிட்டால் போனது போனதுதான், அடுத்த முறை வரும்வரை அடுப்பு சும்மா கிடக்கும்.

எழுபத்தொன்றில் பாகிஸ்தானோடு சண்டை. அவர்களுக்காக அமெரிக்கக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வருகிறது, நமக்குப் பின்னால் ரஷ்யா நிற்கிறது என்று பேச்சு. அன்று என் அண்ணனின் பாடு. கப்பல் ஏரிக்குள் நுழைந்துவிடும் என்று பயந்து அண்ணன் தோணியை இறக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் போர்க்கப்பல் எப்படி மிதக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் பாத்திரங்களை மூட்டையே கட்டிவிட்டேன், போங்கள்!

மறுநாள் எங்கள் குப்பத்துக் கோவிந்தனின் பாடு. அண்ணன் விடியும்போதே போய் அந்த இடத்தில் வலையைப் போட்டுவிட்டார். கோவிந்தன் வலையை அறுத்தார். அண்ணன் துடுப்பால் அடிக்க, அவர் நெற்றி பிளந்தது. மத்தியானத்துக்குள் கோவிந்தனின் பங்காளிகள் கரையில் கத்தியோடு கூடிவிட்டார்கள். அண்ணிக்குப் பிறந்த வீடு காட்டுப்பள்ளிப் பக்கம். எப்படித்தான் சேதி போனதோ, அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் ஈட்டியோடு தோணியில் வந்து சேர்ந்தார்கள். இன்று பிணம் விழும் என்றுதான் நினைத்தேன்.

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தோணியின் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"யாரும் எறங்காதீங்க. ஊட்டுக்குப் போங்க."

"உன் புருசன வெட்ட நின்னுக்கினு கீறானுங்க, நீ எங்கள தொரத்துறியா?" என்றார் மூத்தவர்.

"தப்பு இவரு மேல. நீங்க எறங்குனா அவங்க சம்பந்திங்க வருவாங்க. அப்பறம் எங்க போயி நிக்கும்? என்ன மிதிச்சிக்கினுதான் போவணும்."

"இனிமே உன் வாசப்படி ஏற மாட்டோம்" என்று காறித் துப்பிவிட்டு அவர்கள் திரும்பினார்கள். அண்ணி அந்த ஈரப் புடவையோடே அண்ணனைக் கோவிந்தன் வீட்டுக்கு இழுத்துப்போய் மன்னிப்புக் கேட்க வைத்தாள். எங்களுக்கு வந்த அடுத்த பாட்டையும் கோவிந்தனுக்கே விட்டுக்கொடுத்தோம். அமெரிக்கக் கப்பலும் ஒரு குண்டுகூடப் போடாமல் திரும்பிப் போயிற்று.

அண்ணன்மார் சொன்ன சொல்லை மீறவில்லை. அண்ணி தன் மகளுக்குக் காது குத்த ஆள்மேல் ஆள் அனுப்பியும் வரவில்லை. மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு காலி மணைக்குப் பக்கத்தில் நின்றாள். நெற்றித் தழும்போடு கோவிந்தன் எழுந்து வந்து மணையில் உட்கார்ந்தார்.

"கொயந்தய குடு, தங்கச்சி."

இப்போது அண்ணனும் கோவிந்தனும் காலமாகிப் போய்விட்டார்கள். வலை போட்ட இடம் மண் மேடாகிப் பாடும் போயிற்று. அண்ணி செத்த அன்று பிறந்த வீட்டுக் கோடி போட்டது கோவிந்தனின் மகன்தான்.