மரகதம் என்னை லாரியில் ஏற்றி அனுப்பிய மதியம்

மரகதம் போய்விட்டாள். இன்று விடியற்காலை, விழுப்புரத்தில். அவள் மருமகள் போன் பண்ணிச் சொன்னாள்...

பழைய ஆஸ்பத்திரி ஆட்கள் யாராவது இங்கே இருந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டும் எழுத்து ஆடுகிறது.

அறுபதுகளில் திண்டிவனத்தில் என்னோடு நர்ஸாக இருந்தவள் மரகதம். வளவனூர்க்காரி. என்னைவிட ஒரே வருஷம் சீனியர். அந்த ஒரு வருஷத்துக்கு அவ்வளவு அதிகாரம்!

நாங்கள் வைத்த பேர் கலெக்டரம்மா. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். அவள் கண்டுகொள்ள மாட்டாள், அடுத்த வேலையைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

எனக்கு அவளைப் பிடிக்காது. செத்தவளைப் பற்றி இப்படி எழுதலாமா என்று யாரும் கமெண்டில் வராதீர்கள். அது அவளுக்கே தெரியும்.

ஒரு வருஷம் ஒலக்கூர் பக்கம் காலரா. மாட்டு வண்டிகளில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கட்டில் இல்லை, தரையில் பாய். ஒரே டாக்டர். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது, விழுப்புரத்தில் இருந்து வரவேண்டிய ஜீப்பைக் காணோம்.

அதைவிடப் பேஜார், கூட வந்த சொந்தக்காரர்கள். அழுகை, கூச்சல்... ஒருவன் டாக்டரை அடிக்கவே போய்விட்டான். எல்லோரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம் என்றேன் நான்.

மரகதம் சாத்தவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் ஒரே கேள்வி கேட்டாள். "உன்னால என்னா செய்ய முடியாது? அத்த மட்டும் சொல்லு."

என்ன முடியும் என்று கேட்டால் எல்லோரும் எல்லாம் முடியும் என்பார்களாம். முடியாததைச் சொல்லும்போதுதான் உண்மை வருமாம். இது அவள் பிறகு சொன்னது.

வாந்தியைப் பார்க்க முடியாது என்றவள் கிணற்றில் தண்ணீர் இறைக்கப் போனாள். ஓடியாட முடியாது என்ற பெரியவர் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து தண்ணீர் கொதிக்க வைத்தார். டாக்டரை அடிக்கப் போனவன் சும்மா நிற்க முடியாது என்றான். அவன் கையில் பிளீச்சிங் பவுடர் வாளி.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு லாரி டிரைவர், மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, ஏற்றுகிறவர், உள்ளே நிற்க முடியாது என்றார். லாரியை வாசலிலேயே போட்டுக்கொண்டு இருக்கச் சொன்னாள். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் வார்டு வார்டாக ஆகிவிட்டது. இதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்கள் டிரெய்னிங்கிலும் கிடையாது. எனக்கு எரிச்சல்தான் வந்தது, என்னத்தைச் சொல்ல.

மதியம் வந்த வண்டியில் என் தங்கை தனம் கிடந்தாள்.

கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி... சலைன் கடைசியாக ஒரு பாட்டில் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

மரகதம் அதை என் கையில் இருந்து வாங்கினாள். இல்லை, பிடுங்கினாள். மரக்காணம் பக்கத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவனுக்கு நாடியே கிடைக்கவில்லை, பாட்டில் அவனுக்குத்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தனத்துக்கு நாடி இருந்தது, விழுங்கவும் முடிந்தது. அவளுக்கு வாயில் உப்புக் கஞ்சித் தண்ணீர்.

அவள் என் தங்கச்சி என்று கத்தினேன்.

"தெரியும். அதான் நீ போற. வாசல்ல லாரி நிக்குது, ஜல்தியா ஏறு. விழுப்புரம் போய் சலைன் ஏத்திக்கினு வா. வேற யார் போனாலும் மருந்து ஸ்டோர்ல உக்காரச் சொன்னா உக்காந்துக்குவாங்க. நீ உக்கார மாட்ட."

சாகக் கிடக்கிற தங்கையின் பக்கத்தில் இருந்து எழுப்பி அனுப்புகிறாள்! வயிறெரிந்து சபித்தேன், வாய் விட்டே சபித்தேன். ஆனால் ஏறினேன்.

விழுப்புரம் வரை டிரைவர் எங்கும் நிறுத்தவில்லை. காலி லாரி தூக்கித் தூக்கிப் போட்டது.

ஸ்டோர் பூட்டிக் கிடந்தது. ஸ்டோர்கீப்பர் சாப்பிடப் போயிருக்கிறார், உட்காருங்க என்றார்கள்.

நான் உட்காரவில்லை. வீட்டைக் கேட்டுக்கொண்டு போய், அவரை இலையில் இருந்து எழுப்பிக் கூட்டிவந்தேன். என்னென்ன பேசினேனோ... தெருவே வேடிக்கை பார்த்தது.

சலைன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ். ஒவ்வொரு வேகனாக, ஆற அமரப் போகிறது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். தனம் இனி இல்லை என்று நான் முடிவே பண்ணிவிட்டேன்.

தனம் இருந்தாள்.

அவள் தலை மரகதத்தின் மடியில். மரகதத்தின் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் ஸ்பூன். புடவையெல்லாம் வாந்தி. உட்கார்ந்த இடத்தில் இருந்தே வார்டு முழுக்க வேலை ஏவிக்கொண்டிருந்தாள்.

தனம் பிழைத்தாள். அந்தப் பையனும் பிழைத்தான். எல்லோரும் பிழைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். டிரைவரின் அண்ணன் நாங்கள் வருவதற்குள் போய்விட்டார். அந்த மனுஷன் எல்லாப் பெட்டியையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் அழுதார்.

மாதக்கணக்கில் நான் மரகதத்தோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டே விட்டேன். தனம் செத்துப்போயிருந்தால் என்ன பண்ணியிருப்பாய்?

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"தெரியல கௌரி. இப்ப நெனைச்சாலும் பயமா இருக்குது. எல்லா வேலைக்கும் ஆள் போட்டேன். உன் தங்கச்சிகிட்ட மட்டும் இன்னொருத்தர உக்கார வெக்க எனக்கு மனசு வரல."

அதற்குப் பிறகு பேசினோம். ரிட்டயர் ஆகிற வரைக்கும் சண்டையும் போட்டோம்.

சாயங்காலம் எடுக்கிறார்களாம். தனம் கண்டமங்கலத்தில் இருந்து கிளம்பிவிட்டாள், முட்டி வலியோடு, பஸ்ஸில். அவள் வராமல் எடுக்கக் கூடாது என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

கொஞ்சம் இரு மரகதம். அவள் வந்துவிடட்டும்...